ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய் தடிப்பு... மகனுக்கு ஆகாததைக் காலண்டரில் கண்டுபிடித்த அம்மா!

அந்த வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் சில செவ்வாய்க்கிழமைகளைச் சுற்றி மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறது. ஜூன் மாதத்தில் ஒன்று, ஜூலையில் இரண்டு, ஆகஸ்ட்டில் இரண்டு. விரத நாளோ, சீட்டுப் பணம் கட்டும் நாளோ அல்ல. அந்த வீட்டுச் சின்னப் பையனுக்கு உடம்பெல்லாம் தடித்துப்போன நாள்கள் அவை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் கரிசல் காட்டில் இருக்கிறது எம்.ரெட்டியபட்டி. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, மக்காச்சோளம், கம்பு, குதிரைவாலி, உளுந்து, பாசி என்று ஏதாவது விளையும். பெய்யாவிட்டால் நூறு நாள் வேலை, இல்லையென்றால் வெளியூர் பிழைப்பு. பையனின் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மாதம் ஒருமுறை வந்து போவார். வீட்டில் அம்மா, அப்பத்தா, எட்டாவது படிக்கும் அக்கா, ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் ஆறு வயதுப் பையன்.

பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதத்தில்தான் முதல் தடிப்பு வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் வயிற்றைச் சொறிந்துகொண்டே இருந்தான். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் வயிறு, முதுகு, தொடை எல்லாம் சிவந்து, பத்து பைசா அகலத்துக்குத் தடித்திருந்தது.

``காணாக்கடி தாயி. வேலி ஓரம் வெளாண்டுருப்பான், என்னமோ கடிச்சிருக்கு" என்றார் அப்பத்தா. வெற்றிலையில் இரண்டு மிளகை மடித்துக் கொடுத்தார். ராத்திரிக்குள் தடிப்பு வடிந்துவிட்டது. எல்லோரும் மறந்துபோனார்கள்.

ஜூலையில் மறுபடி வந்தது. அந்த முறை இரண்டு தடவை வாந்தியும் எடுத்தான். பள்ளிக்கூடத்தில் வெயில் என்றார்கள். கோயிலில் திருநீறு போட்டு மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மாதக் கடைசியில் இன்னொரு முறை வந்தபோது அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கியது. நூறு நாள் வேலைக்குப் போகும் இடத்தில் யோசனை சொல்லாதவர்கள் இல்லை. கத்திரிக்காயை நிறுத்து என்றார் ஒருவர். கருவாட்டை நிறுத்து என்றார் இன்னொருவர். முட்டைதான் சூடு என்றார் மூன்றாமவர்.

அம்மா எதையும் நிறுத்துவதற்கு முன்பு ஒரு வேலை செய்தார். காலண்டரை எடுத்து, தடிப்பு வந்த நாள்களை ஞாபகப்படுத்தி வட்டம் போட்டார். பக்கத்தில், அன்றைக்குக் காலையிலிருந்து அவன் என்ன சாப்பிட்டான் என்று மகளை எழுதச் சொன்னார்.

``அம்மா, எல்லாமே செவ்வாக்கிழமைம்மா" என்றாள் மகள்.

``அதான் நான் அப்பயே சொன்னேன், செவ்வா தோஷம்னு" என்றார் அப்பத்தா.

``ஆனா எல்லா செவ்வாயும் வரலையே அப்பத்தா. ஒரு வாரம் வருது, ஒரு வாரம் வரல."

அவள் அதே பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். விடை அவளுக்குச் சட்டென்று வந்துவிட்டது. ``ரெண்டாவது வாரமும் நாலாவது வாரமும் செவ்வாக்கிழமை மீல் மேக்கர் சோறு போடுவாங்கம்மா. மத்த செவ்வாக்கு கொண்டக்கடல புலாவு."

தமிழ்நாட்டுச் சத்துணவு மையங்களின் உணவுப் பட்டியலைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். 2013-ல் சோதனை முறையில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுக்க வந்த கலவை சாதப் பட்டியலில், மாதத்தின் 2-வது, 4-வது வாரச் செவ்வாய்க்கிழமைக்கு மீல் மேக்கரும் காய்கறியும் சேர்த்த சாதமும் மிளகு முட்டையும் என்று இருக்கிறது. 1-வது, 3-வது வாரச் செவ்வாய்க்குக் கொண்டைக்கடலை புலாவும் தக்காளி மசாலா முட்டையும். இந்த வீட்டில் மீல் மேக்கர் வாங்கும் பழக்கமே கிடையாது. பையன் அதை முதன்முதலில் சாப்பிட்டதே பள்ளிக்கூடத்தில்தான்.

மறுநாள் அம்மா அந்தக் காலண்டரையே கழற்றிச் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் அதை மேஜையில் விரித்து வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். ``நல்ல வேலை பண்ணியிருக்கீங்கம்மா. மீல் மேக்கர்னா சோயா. அதுதான் ஒத்துக்கலன்னு நினைக்கிறேன். அதை நிறுத்துங்க. குழந்தைகள் டாக்டர்கிட்ட எழுதித் தர்றேன், ஒரு தடவை காமிச்சிடுங்க."

அம்மாவுக்கு ஆச்சர்யம். ``சோயாவா? அது ஏதோ காளான் மாதிரின்னுல்ல நினைச்சேன்!"

அவர் மட்டுமல்ல, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சோயாபீன்ஸிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் மாவை, சூட்டிலும் அழுத்தத்திலும் பிழிந்து உருண்டையாக்குவதுதான் மீல் மேக்கர். காய்ந்த உருண்டை 100 கிராமில் சுமார் 50 கிராம் புரதம் இருக்கிறது. விலையும் குறைவு. அதனால்தான் சத்துணவிலிருந்து கல்யாண பிரியாணி வரை அது வந்து சேர்ந்திருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது நல்ல உணவு. மிகச் சில குழந்தைகளுக்கு மட்டும் ஆவதில்லை. அவர்களின் நோய் எதிர்ப்பு மண்டலம் சோயாவின் புரதத்தை எதிரியென்று தப்பாக எடுத்துக்கொள்கிறது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, அரிப்பு, வாந்தி, இருமல் என்று ஏதாவது ஒன்று கிளம்பும்.

பயத்தில் எடுத்த முடிவு

டாக்டர் சொன்னது ஒரே ஒரு பொருளை நிறுத்தச் சொல்லி. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது பெரிதாகிவிட்டது.

``சோயாவும் பயறு வகைதானாம். அப்ப பாசி, உளுந்து, துவரை எல்லாமே ஆகாதுதான்" என்றார் அப்பத்தா. ``பள்ளிக்கூடத்துச் சோறே வேணாம் தாயி. எதுல என்னத்தப் போடுறாகளோ!"

அம்மாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. காலையில் பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் உப்புமா, பொங்கலையும் நிறுத்தினார். மதியச் சாப்பாட்டையும் நிறுத்தினார். தினமும் வீட்டிலிருந்து டப்பாவில் சோறும் ரசமும், சில நாள் தயிர்ச் சோறும் போயின. இட்லியில் உளுந்து இருக்கிறது என்று இட்லியும் போனது. பருத்தி எடுக்கும் நாள்கள் என்பதால், குழந்தைகள் டாக்டரிடம் போவது அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போனது.

தடிப்பு நின்றுவிட்டது உண்மைதான். ஆனால், வாரத்துக்கு ஐந்து முட்டையும் அதோடு நின்றுவிட்டன. பருப்பும் நின்றுவிட்டது. ஏற்கெனவே ஒல்லியாக இருந்த பையன் இன்னும் வாடினான். பள்ளிக்கூடத்தில் எடை பார்த்தபோது 17 கிலோவிலிருந்து 16 கிலோவாக இறங்கியிருந்தது.

காமராஜர் பிறந்த மாவட்டம் இது. பசியோடு வரும் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சோறு போடும் திட்டத்தை 1956-ல் அவர் தொடங்கியதும், எம்.ஜி.ஆர் 1982-ல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்ததும், 2022-ல் காலை உணவு சேர்ந்ததும் இது போன்ற வீடுகளுக்காகத்தான். ஒரு சாமானுக்குப் பயந்து அத்தனையையும் விட்டுவிட்டால், அந்த இடத்தை நிரப்ப வீட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்வி வரும். அம்மாவுக்கு அந்தக் கேள்வி வந்தது. அதற்கு அவர் தேடிய விடைதான் ஆபத்தாக முடிந்தது.

டவுனுக்குப் போன ஒரு நாளில், கடையில் பையனின் இளைப்பைச் சொன்னார். எடை ஏறும், உயரமாக வளருவான் என்று ஒரு டின்னை எடுத்துக் கொடுத்தார்கள். சாக்லேட் வாசனை வரும் புரோட்டீன் பவுடர். முன்பக்கம் சிரிக்கும் குழந்தையின் படம். விலையோ ஒரு வாரக் கூலியை விழுங்குகிற விலை. அம்மா யோசிக்காமல் வாங்கினார்.

அன்று சாயங்காலம் பாலில் இரண்டு ஸ்பூன் கலந்து கொடுத்தார். பையன் ருசித்துக் குடித்தான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. உதடு வீங்கியது. கழுத்திலிருந்து தடிப்பு ஏறியது. விடாத இருமல். குடித்த பாலை அப்படியே வாந்தி எடுத்துவிட்டு, அம்மாவின் மடியில் துவண்டு படுத்தான். மகள் 108-க்கு போன் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது, ``என்ன சாப்பிட்டான்?" என்றுதான். தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. சிலருக்குச் சில மணி நேரம் கழித்து மறுபடி கிளம்பும் என்பதால் இரவு முழுக்கப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் மகள் அந்த டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். பின்பக்கத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்த பட்டியலின் முதல் பெயரே `சோயா புரோட்டீன் ஐசொலேட்'. சோயாவிலிருந்து பிரித்தெடுத்த சுத்தமான புரதம். மீல் மேக்கரைவிட வீரியமானது.

``அதுல மீல் மேக்கர் எதுவும் கெடக்கலையே சார், வெறும் பவுடரா தானே இருந்துச்சு" என்று அம்மா அழுதார்.

தமிழில் இல்லாத எச்சரிக்கை

இந்தியாவில் பாக்கெட் உணவுகளுக்கான லேபிள் விதிகளை உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-ல் புதுப்பித்து வெளியிட்டது. ஒவ்வாமை தரக்கூடியவை என்று எட்டு வகைகளை அது பட்டியல் போட்டிருக்கிறது. பசைத்தன்மை உள்ள கோதுமை, பார்லி போன்ற தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் கொட்டைப் பருப்புகளும், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேலான சல்ஃபைட். இவற்றில் எது சேர்ந்திருந்தாலும் `கன்டெய்ன்ஸ்' என்று போட்டு, அதன் பெயரைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். சேர்க்காவிட்டாலும் அதே இயந்திரத்தில் தயாராவதால் கலந்திருக்க வாய்ப்புண்டு என்றால் `மே கன்டெய்ன்' என்று போடலாம்.

நல்ல விதிதான். ஆனால், லேபிளில் உள்ள விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது சட்டம். வேறு மொழியில் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு தாய்க்கு, தன் பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்ட அந்த ஒற்றை வரி வெறும் கோடுகளாகத்தான் தெரியும்.

இந்த அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். டின்னிலிருந்த அந்த வார்த்தையின் மீது மகளை விரல் வைக்கச் சொன்னார். எஸ், ஓ, ஒய் என்ற மூன்று எழுத்துகளையும் நோட்டில் பெரிதாக எழுதி வாங்கிக்கொண்டார். சோயா என்றாலும், சோய் என்றாலும், சோயாபீன் என்றாலும் அந்த மூன்று எழுத்தில்தான் தொடங்கும். பஸ் போர்டைப் பார்த்து ஊர் பெயரை அடையாளம் கண்டுகொள்வதுபோல, இப்போது எந்தப் பாக்கெட்டைக் கையில் எடுத்தாலும் முதலில் திருப்பி, அந்த மூன்று எழுத்தைத் தேடுகிறார். சந்தேகம் வந்தால் மகளின் போனில் படம் பிடித்து, கேமரா மூலம் மொழிபெயர்க்கும் வசதியில் தமிழாக்கிப் பார்க்கிறார்கள்.

சோயா எல்லா இடத்திலும் தன் பெயரிலேயே வருவதில்லை என்பதையும் அவர்கள் போகப் போகத் தெரிந்துகொண்டார்கள். `டெக்ஸ்சர்டு வெஜிடபிள் புரோட்டீன்' என்றால் பெரும்பாலும் மீல் மேக்கர்தான். `ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்' என்று மசாலா பாக்கெட்டிலோ சூப் பொடியிலோ இருந்தால் அதுவும் சோயாவாக இருக்கலாம். டோஃபு, சோயா பால் என்பவை தெரிந்தவை. ஃபிரைடு ரைஸ், கோபி மஞ்சூரியனில் ஊற்றும் கறுப்பு சாஸ், சோயா சாஸ். பல தானியங்கள் கலந்த சப்பாத்தி மாவுகளில் சோயா மாவு சேர்ப்பதுண்டு. சில பிரெட் வகைகளிலும் உண்டு. உதிரியாக விற்கும் சத்துமாவில் லேபிளே இருக்காது. பலர் அதில் வறுத்த சோயாவைச் சேர்க்கிறார்கள். கேட்டுத்தான் வாங்க வேண்டும். அங்கன்வாடியில் கொடுக்கும் இணை உணவு பாக்கெட்டையும் அப்படியே திருப்பிப் பார்த்துவிடுவது நல்லது.

வைட்டமின் மாத்திரை, டானிக், மீன் எண்ணெய் மாத்திரை போன்றவற்றிலும் கவனம் வேண்டும். மெத்தென்று இருக்கும் கேப்சூல்களுக்குள் சோயா எண்ணெயோ லெசித்தினோ சேர்ப்பது வழக்கம். டாக்டர் எழுதும்போதும், மருந்துக் கடையில் வாங்கும்போதும் `இவனுக்கு சோயா ஆகாது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

நிறுத்த வேண்டியது எது, கூடாதது எது?

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டர் பையனின் முன்கையில் சிறு சிறு துளியாக விட்டு, லேசாகக் குத்திப் பார்த்தார். சோயா வைத்த இடம் நன்றாகத் தடித்தது. நிலக்கடலை வைத்த இடமும் கொஞ்சம் தடித்தது.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ``அப்ப கடலையும் ஆகாதா சார்?"

``கடலை மிட்டாய் சாப்பிடுவானா?"

``கோவில்பட்டி கடலை மிட்டாய்னா உசுரு சார். இவன் அப்பா வர்றப்பல்லாம் வாங்கிட்டு வருவாரு. நேத்துகூடத் தின்னான்."

``ஏதாவது பண்ணுச்சா?"

``ஒண்ணும் பண்ணல சார்."

``அப்ப நிறுத்தாதீங்க. டெஸ்ட்ல தடிக்கிறது வேற, சாப்பிட்டு உடம்புக்கு ஒத்துக்காம போறது வேற. பயறு வகை எல்லாம் ஒரே குடும்பம். அதனால டெஸ்ட்ல ஒண்ணுக்கொண்ணு சாயல் காட்டும். ஆனா சோயா ஆகாத புள்ளைகள்ல ரொம்பப் பேர் மத்த பயறை நல்லாவே சாப்பிடுவாங்க. இவன் துவரை, உளுந்து, பாசி, கொண்டக்கடலை எல்லாம் சாப்பிட்டுத்தானே வளர்ந்தான்? அத்தனையும் திரும்பக் குடுங்க."

பிஸ்கட்டைப் பற்றியும் அம்மா கேட்டார். பல பிஸ்கட், சாக்லேட்டுகளில் சோயா லெசித்தின் இருக்கிறது. 322 என்ற எண்ணிலும் அதைக் குறிப்பிடுவார்கள். எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கும் பொருள் அது. அதில் சோயாவின் புரதம் மிகமிகக் குறைவு என்பதால் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் செய்வதில்லை. நன்றாகச் சுத்திகரித்த சோயா எண்ணெயும் அப்படித்தான்; செக்கில் ஆட்டியது அப்படியல்ல. இந்தப் பையன் சின்ன வயதிலிருந்தே பிஸ்கட் சாப்பிட்டு எதுவும் ஆகாததால், அதைத் தொடரலாம் என்றார் டாக்டர். ஆனால், இது ஒவ்வொரு குழந்தைக்கும் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒத்துக்கொண்டது என்று நம் பிள்ளைக்குக் கொடுத்துப் பார்க்கக் கூடாது.

இங்கே ஒரு வித்தியாசத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். சோயா சாப்பிட்டால் சில பிள்ளைகளுக்கு வயிறு உப்பும், வாயு பிரியும். அதிலுள்ள சிலவகைச் சர்க்கரை எளிதில் செரிக்காததுதான் காரணம். கொண்டைக்கடலை, மொச்சைக்கும் அதே கதைதான். அது ஒவ்வாமை அல்ல. அளவைக் குறைத்தால் போதும். தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் வருவதுதான் ஒவ்வாமை. கைக்குழந்தைகளுக்கு இன்னொரு வகையும் உண்டு. தடிப்பு எதுவும் இல்லாமல், குடித்து ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்துக் குழந்தை வெளுத்துத் துவண்டுவிடும். பால், சோயா இரண்டாலுமே இது வரலாம். பசும்பால் ஆகாத குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு சோயாவும் ஆவதில்லை. அதனால், `பால் ஒத்துக்கலையா, சோயா பால் குடு' என்று யாராவது சொன்னால் அதைக் கேட்டு மாற்றக் கூடாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஒவ்வாமை இருந்தால் சோயா பால் பவுடரைத் தவிர்க்கச் சொல்கிறது ஐரோப்பியக் குழந்தைகள் மருத்துவக் குழு ஒன்று. எதுவானாலும் டாக்டர் சொல்லித்தான் மாற்ற வேண்டும்.

ரத்தத்தை அனுப்பினால் நூறு உணவுகளுக்கு முடிவு தருகிறோம் என்று இணையத்தில் விற்கும் ஐஜிஜி பரிசோதனைகளை ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கங்கள் ஏற்பதில்லை. நிறைய உணவுக்குப் பழகிய உடம்பிலும் அது `பாசிட்டிவ்' என்று காட்டும். அதை நம்பி உணவுகளை நிறுத்தினால், இந்தப் பையனுக்கு நடந்ததுதான் நடக்கும்.

டின் வேண்டாம், டப்பா போதும்

இளைத்துப்போனவனை எப்படித் தேற்றுவது? டாக்டர் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் சொன்னபடி, 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 16 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில் சுமார் 5 கிராம். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் பருப்பில் சுமார் 7 கிராம். சோறு, இட்லியில் கிடைப்பதைச் சேர்க்காமலே 18 கிராம் ஆகிவிட்டது. இளைத்த பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்றாலும், பாசிப்பயறும் கடலை மிட்டாயும் அதைச் சமாளித்துவிடும். டின்னுக்கு இதில் இடமே இல்லை.

`ஹெல்த் டிரிங்க்' என்ற பெயருக்கு இந்திய உணவுச் சட்டத்தில் வரையறை எதுவும் கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், பான வகைகளை அந்தப் பெயரில் வகைப்படுத்தி விற்கக் கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது இதனால்தான். அடுத்த மாதமே வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டி, உடம்பு ஏறுவதற்காகப் புரோட்டீன் பவுடர்களைச் சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொன்னது.

இப்போது அந்த வீட்டில் கம்பு, கேழ்வரகு, பாசிப்பயறு, பொட்டுக்கடலையை வறுத்து மில்லில் அரைத்து வைத்துக்கொள்கிறார்கள். மில்லில் முன்னால் அரைத்தவர் சோயா போட்டிருந்தால் மாவு ஒட்டியிருக்கும் அல்லவா? அதனால், முதலில் ஒரு படி அரிசியைக் கொட்டி ஓட்டிவிட்டு, அதைக் கோழிக்கு வைத்துக்கொண்டு, பிறகுதான் பையனின் மாவை அரைக்கச் சொல்கிறார் அம்மா. ``யம்மா, ஒங்க ஒரு படி மாவுக்கு என் மெசின கழுவி வைக்கணுமாக்கும்" என்று மில்காரர் முதல் தடவை சலித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கதையைக் கேட்ட பிறகு, அவரே காலையில் முதல் ஆளாக வரச் சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடத்துக்கும் அம்மா போனார். சண்டைக்குப் போகவில்லை, சீட்டை எடுத்துக்கொண்டு போனார். டாக்டர் எழுதிய அந்தச் சீட்டின் நகலைத் தலைமை ஆசிரியரும் வாங்கிக்கொண்டார், சத்துணவு டீச்சரும் வாங்கிக்கொண்டார். எல்லாம் பேசி முடிவானது. காலைச் சாப்பாடு வழக்கம்போல. மதியச் சாப்பாடும் வழக்கம்போல. மீல் மேக்கர் சாதம் போடும் செவ்வாய்க்கு மட்டும் வீட்டிலிருந்து டப்பா. அன்றைக்கும் முட்டை உண்டு. ஆனால், அந்தச் சாதத்தைக் கிளறிய கரண்டி படாமல் அவனுக்கு முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் பாசத்தில் ஊட்டிவிடாமல் டீச்சர் பார்த்துக்கொள்வார். உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, மயங்கினாலோ வீட்டுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்காமல் முதலில் 108. வெறும் அரிப்பு மாத்திரையை நம்பி உட்காரக் கூடாது, அந்த நேரத்துக்கு அட்ரினலின் ஊசிதான் மருந்து என்றும் சீட்டில் எழுதியிருக்கிறது.

இது வாழ்நாள் முழுக்க இருக்குமா என்று திருப்பூரிலிருந்து அப்பா போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். சோயா ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் நிறையப் பேருக்கு வளர வளரச் சரியாகிவிடுகிறது. 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 7 வயதுக்குள் சுமார் பாதிப் பேருக்கும், 10 வயதுக்குள் 69 சதவிகிதம் பேருக்கும் அது விலகியிருந்தது. விலகிவிட்டதா என்று வீட்டில் கொடுத்துப் பார்க்கக் கூடாது. ஆஸ்பத்திரியில், ஊசியும் ஆளும் தயாராக இருக்கும் இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத்தான் பார்ப்பார்கள். அதற்கு அடுத்த வருடம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

எடை மறுபடி 17 கிலோவைத் தாண்டிவிட்டது. போன மாதம் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்தபோது, வெஜிடபிள் பிரியாணி வாளியோடு வந்தவரைப் பையனே நிறுத்தினான்.

``மாமா, இதுல மீல் மேக்கர் இருக்கா?"

``இருக்குடா மாப்ள. நெறையப் போடவா?"

``எனக்குச் சோயா ஆகாது. எனக்குச் சோறும் சாம்பாரும் வைங்க."

பரிமாறியவர் சிரித்துவிட்டார். பக்கத்து இலையிலிருந்த அப்பத்தா சிரிக்கவில்லை. ``அந்த வாளிக் கரண்டிய இங்கிட்டுக் கொண்டாராதப்பா. வேற கரண்டியில கொண்டா" என்றார்.

காலண்டரில் இப்போதும் வட்டம் இருக்கிறது, 2-வது, 4-வது செவ்வாய்க்கு. சிவப்பு மைக்குப் பதில் பச்சை மை. அன்றைக்குக் காலையில் தக்காளிச் சோறு கிளற வேண்டும் என்று அம்மாவுக்கு ஞாபகப்படுத்துவதற்காக மகள் போட்டுவைத்தது.